நிலுவையில் ஓர் உறக்கம்

ஈரோட்டுச் சேலைக் கடைகளை எந்திரங்கள் விழுங்கிவிடும் என்று முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். விழுங்கவில்லை. மடித்து அடுக்குவதும், பையில் போட்டுத் தருவதும், பின்னாலேயே வந்து காரில் ஏற்றிவிடுவதும் எந்திரங்கள்தான். ஆனால் பத்துச் சேலையை விரித்துப் போட்டு, பதினொன்றாவதைத் தோளில் சாய்த்துக் காட்டி, "உங்க நெறத்துக்கு இதுதானுங்க்கா" என்று கூசாமல் சொல்வதற்கு இன்னும் ஒரு மனுஷி தேவைப்பட்டாள். அப்படிப்பட்டவர்களில் ஒருத்தி மிருதுளா. வயது முப்பத்தெட்டு. அவள் கணவன் சஞ்சித்துக்கு முப்பத்தொன்று.

கணக்கில் பிழையில்லை. கல்யாணத்தின்போது அவன் அவளைவிட இரண்டு வயது மூத்தவன்தான். நடுவில் அவனைத் தூங்க வைத்துவிட்டார்கள்.

சிறைகள் நிரம்பி வழிந்தபோது அரசாங்கம் கண்டுபிடித்த வழி அது. குற்றவாளியின் உடம்பைக் குளிர்வித்துத் தூங்க வைத்துவிட்டால் சோறு வேண்டாம், காவல் வேண்டாம், கலவரம் கிடையாது. பன்னிரண்டு வருடத் தண்டனை என்றால் பன்னிரண்டு வருடத் தூக்கம். அதற்குள் உடம்புக்குச் சில மாதங்கள் கூடினால் அதிகம். கருணையுள்ள தண்டனை என்று செய்திகளில் புகழ்ந்தார்கள். தூங்குகிறவனுக்குக் கருணைதான், யார் இல்லை என்றது? வெளியே விழித்துக் கிடப்பவர்களைப் பற்றித்தான் அந்தச் செய்திகளில் ஒரு வரியும் இல்லை.

சஞ்சித் ஒரு சாயப்பட்டறையில் மேற்பார்வையாளனாக இருந்தான். கழிவுநீர்த் தொட்டியில் விஷவாயு சேர்ந்தால் கத்துவதற்கு ஒரு மணி உண்டு. அந்த மணி காரணமில்லாமலும் கத்தும். ஒருநாள் எரிச்சலில் அதை அணைத்து வைத்தான். அன்று பிற்பகல் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய லோகேஸ்வரன் ஏறி வரவில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் சஞ்சித் ஆமாம் என்றுதான் சொன்னான். மூன்றே மாதத்தில் தீர்ப்பு வந்தது, பன்னிரண்டு வருடம். அவனைத் தூங்க வைத்தபோது அவர்களுடைய பெண் இனியாழுக்கு ஏழு மாதம்.

எட்டு வருடம் மிருதுளா பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிட்டாள். மிச்சத்தையும் ஓட்டியிருப்பாள். ஆனால் மார்கழியில் சிறை மருத்துவமனையிலிருந்து எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரு கடிதம் வந்தது. ஒன்பது வருடத்துக்கு மேல் தூங்கியவர்கள் எழும்போது, தூங்கப் போவதற்கு முந்தைய ஓராண்டு அவர்கள் நினைவில் இருப்பதில்லை என்று தெரிய வந்திருக்கிறதாம். மற்றபடி உடல்நலத்துக்குக் குறையொன்றும் இல்லையாம்.

அந்த ஓராண்டுக்குள்தான் இனியாழ் பிறந்திருந்தாள். வருகிற ஆவணி பதினெட்டோடு ஒன்பது வருடம் முடிகிறது.

தை பிறந்ததும் மிருதுளா மனுப் போட்டாள். பத்தாம் நாள் கைப்பேசியில் ஒரே ஒரு சொல் வந்தது. 'திருப்பப்பட்டது.'

கடையில் உடை மாற்றிப் பார்க்கும் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதாள். மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனாள். வாசலில் பேசும் தூண் ஒன்று நின்றது. மனு எண்ணைச் சொன்னதும், "நானூற்றுப் பன்னிரண்டு, திருப்பப்பட்டது" என்று தேன் ஒழுகச் சொன்னது. அப்படியென்றால் என்ன என்று கேட்டாள். "நானூற்றுப் பன்னிரண்டு, திருப்பப்பட்டது" என்று மறுபடியும் அதே தேன். நாலாவது தடவை கேட்டபோது, "எந்திரத்துகிட்ட மல்லுக்கட்டாதீங்க்கா, இங்க வாங்க" என்று ஒரு குரல் கூப்பிட்டது.

தூணுக்குப் பக்கத்தில் பழைய மேசை ஒன்று கிடந்தது. 'சொல்லுதவி' என்று பலகை. பின்னால் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், முழுக்கைச் சட்டையும் மூன்று நாள் தாடியுமாக உட்கார்ந்திருந்தார். பெயர் பரணிதரன்.

"அது சொல்லாதுங்க. அதுக்குத் தெரியாம இல்லை, சட்டத்துல தடை. நெலவரத்தைச் சொல்லலாம், அர்த்தம் சொல்லப்படாது. அர்த்தம் சொன்னா அது ஆலோசனை ஆயிருமாமா. அதுக்குத்தான் என்னைய இங்க உக்கார வெச்சிருக்காங்க."

"திருப்பிட்டாங்கன்னா முடிஞ்சு போச்சுங்களா, சார்?"

"முடியறதுக்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்லீங்களே. திருப்பப்பட்டதுன்னா வேண்டாம்னு சொன்னதில்லைங்க. பள்ளிக்கொடத்துல நோட்டைத் திருப்பிக் குடுப்பாங்கல்ல, தப்பைத் திருத்திக் கொண்டான்னு? அதுதான்." அவர் மனுவைத் திரையில் வரவழைத்துப் பார்த்தார். "இதோ, தண்டனை பெற்றவரின் சம்மதம்ங்கற எடத்தை வெறுமையா உட்டுட்டீங்க."

"தூங்கறவரு எப்படிங்க சம்மதம் தருவாரு?"

"தர முடியாதுங்க. ஆனா அந்த எடத்துல 'உறக்கத்தில்'னு எழுதோணும். வெறுமையா உடப்படாது."

ஒரே ஒரு சொல்லுக்காக ராத்திரி முழுக்க அழுதோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக உயிர் வந்தது. பரணிதரன் மனுவை மேலும் கீழும் படித்துவிட்டுத் தயங்கினார்.

"ஒண்ணு கேக்கலாமுங்களா? இந்த மேசைக்கு வர்றவங்க எல்லாரும் தண்டனையைக் கொறைக்கச் சொல்லித்தான் கேப்பாங்க. நீங்க கூட்டச் சொல்லிக் கேக்கறீங்க. இப்ப எழுப்பிட்டா மிச்சம் மூணு வருசத்தை அவரு சாதா ஜெயில்ல முழிச்சுக் கெடந்து கழிக்கோணும். தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க."

"தூங்கியே கழிச்சுட்டா அவருக்கு நோவே தெரியாது."

"அதுதானுங்க பயமா இருக்குது. எதுவுமே தெரியாமப் போயிரும்." மிருதுளா கடிதத்தை எடுத்துக் காட்டினாள். "ஆவணி தாண்டி எந்திரிச்சா, அவருக்குக் கல்யாணம் ஆனது ஞாபகம் இருக்கும். நான் இருப்பேன். புள்ளை இருக்க மாட்டா. பொறந்தது, பேரு வெச்சது, தூக்கிட்டுத் தூக்கிட்டுத் திரிஞ்சது ஒண்ணும் இருக்காது. பன்னெண்டு வயசுப் புள்ளையைக் கொண்டுபோயி முன்னால நிறுத்தி, இது உங்க புள்ளைங்கன்னு நான் சாட்சி சொல்லோணுமுங்களா?"

பரணிதரன் கடிதத்தை முழுக்கப் படித்தார். பிறகு பேனாவை அவள் பக்கம் நகர்த்தி, "எழுதுங்க" என்றார். அவள் 'உறக்கத்தில்' என்று எழுதினாள்.

அதன் பிறகு மனு கோப்பில் ஏறியது. ஏறிய கையோடு 'நிலுவை' என்ற சொல் வந்து குந்திக்கொண்டது. மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி எல்லாம் நிலுவை. காலையில் அடுப்பைப் பற்ற வைப்பதற்கு முன் ஒருதரம், கடை திறப்பதற்கு முன் ஒருதரம், இனியாழைப் பள்ளியிலிருந்து கூட்டி வரும்போது ஒருதரம் என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தச் சொல்லின் மேல் அவளுக்கு வந்த வெறுப்பு கொஞ்சநஞ்சமல்ல.

"நிலுவைன்னா மறந்துட்டாங்கன்னு அர்த்தமுங்களா?" என்று வைகாசியில் ஒருநாள் போய்க் கேட்டாள்.

"இல்லீங்க்கா. இதுவரைக்கும் யாரும் முடியாதுன்னு சொல்லலைன்னு அர்த்தம். என்னையக் கேட்டா, இந்தக் கட்டடத்துல இருக்கற வார்த்தையிலயே கொஞ்சம் நல்ல வார்த்தை அதுதானுங்க."

இதைக் கேட்டுவிட்டு வந்த அன்று அவள் இரண்டு பங்குச் சோறு சாப்பிட்டாள்.

ஆனியில் 'உத்தரவுக்காக ஒத்திவைப்பு' என்று மாறியது. ஒத்திவைப்பு என்றதும் அவள் விரல்விட்டு நாள் எண்ணினாள். இன்னொரு வாய்தா போட்டால் ஆவணி தாண்டிவிடுமே! ஓட்டமும் நடையுமாகப் போய் நின்றாள். பரணிதரன் சிரித்தே விட்டார். "முன்னால இருக்கற வார்த்தையைப் பாக்க மாட்டீங்களா? உத்தரவுக்காக! பேச வேண்டியதெல்லாம் பேசி முடிஞ்சுதுங்க. இனி ஜட்ஜம்மா உக்காந்து எழுதோணும், அவ்வளவுதான்." எது கேட்டாலும் முகம் சுளிக்காமல் இப்படிச் சொல்கிற மனிதனைப் பெற்றவர்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று பேருந்தில் திரும்பும்போது மிருதுளா நினைத்துக்கொண்டாள். அவரை 'சார்' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் எப்போது 'தம்பி'க்கு மாறினாள் என்று அவளுக்கே தெரியாது.

பிறகு ஆடி வந்தது.

ஆடியில் ஈரோட்டுக் கடைவீதியில் நடந்திருக்கிறீர்களா? கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரே சொல்தான் தொங்கும். சிவப்பில் தள்ளுபடி, மஞ்சளில் தள்ளுபடி, ஒலிபெருக்கியில் தள்ளுபடி. மிருதுளாவின் கடையில் மாடிப்படி ஒவ்வொன்றிலும் அதை ஒட்டி வைத்திருந்தார்கள். அவளும் அவள் தோழி ரேஷ்மாவும் நாளுக்கு முந்நூறு தடவையாவது அந்தச் சொல்லைச் சொன்னார்கள். சொன்னதும் எதிரே இருக்கிறவர்களின் முகம் மலர்வதைப் பார்த்துப் பார்த்துப் பழகியிருந்தார்கள். ஆடி இருபத்தேழாம் தேதி காலை பதினொரு மணிக்கு, ஒரு அம்மாவுக்கு மயில்கழுத்து நிறத்தில் பட்டு ஒன்றை விரித்துக்கொண்டிருந்தபோது, மிருதுளாவின் கைப்பேசி அதிர்ந்தது.

'மனு எண் 412. தள்ளுபடி.'

சொல்லைப் பார்த்தாள். தலைக்கு மேலே தொங்கிய பலகையைப் பார்த்தாள். கைப்பேசியை ரேஷ்மாவிடம் நீட்டினாள்.

"தள்ளுபடி!" ரேஷ்மா கத்தினாள். "அக்கா, தள்ளுபடி பண்ணிட்டாங்க! மூணு வருசத்துல தள்ளுபடி! நீ எழுப்புங்கன்னு மட்டுந்தானே கேட்டே? அவங்க எழுப்பி ஊட்டுக்கே அனுப்பறாங்க!"

அவர்களைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. வருடக்கணக்காக ஒரு சொல்லை ஒரே அர்த்தத்தில் புழங்கியவர்களுக்கு அந்தச் சொல் வேறொரு கட்டடத்தில் வேறு முகம் காட்டும் என்று எப்படித் தெரியும்? பட்டு வாங்க வந்த அம்மாகூட, "நல்லா இரு கண்ணு" என்று மிருதுளாவின் கன்னத்தை வழித்தார். முதலாளி ஒலிபெருக்கியை இரண்டு நிமிடம் நிறுத்தச் சொன்னார். தேங்காய் பர்பி வந்தது. மூன்று மாடிக்கும் கொடுத்துவிட்டு, ஒரு பெட்டியைத் தனியாக எடுத்துக்கொண்டு, தலைகால் புரியாமல் மிருதுளா நீதிமன்றத்துக்கு ஓடினாள்.

வாயெல்லாம் பல்லாக அவள் நீட்டிய பெட்டியைப் பரணிதரன் பார்த்தார். வாங்கவில்லை.

"எதுக்குங்க்கா?"

"தள்ளுபடி ஆயிருச்சுங்களே, தம்பி!"

அவர் எழுந்து வந்து, பக்கத்து நாற்காலியில் அவளை உட்காரச் சொன்னார். இத்தனை மாதத்தில் அவர் மேசையை விட்டு எழுந்து அவள் பார்த்ததில்லை.

"இது கடைத் தள்ளுபடி இல்லீங்க்கா. கோர்ட்டுல..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். எத்தனையோ சொற்களுக்கு லகுவாக அர்த்தம் சொன்ன மனிதருக்கு இதைச் சொல்ல வாய் வரவில்லை. "கோர்ட்டுல தள்ளுபடின்னா, மனுவை ஏத்துக்கலை, தள்ளிட்டாங்கன்னு அர்த்தமுங்க."

பெட்டி அவள் மடியில் இருந்தது. பர்பி வாசனை வந்துகொண்டிருந்தது. மூன்று மாடிக்கும் இனிப்புக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். காலையில் ஆடிய ஆட்டத்தை நினைத்து உடம்பு கூசியது. அதையும் தள்ளிக்கொண்டு, இனியாழின் முகம் வந்து நின்றது.

"ஆவணி பதினெட்டுக்கு இன்னும் மூணு வாரந்தானுங்க இருக்குது," என்றாள். "அவருக்குப் புள்ளையே இல்லைன்னு ஆயிருமுங்களா?"

பரணிதரன் திரையைத் திருப்பினார். "ஒரு வார்த்தையை மட்டும் பாத்துட்டு எந்திரிக்கப்படாதுங்க. எதுக்காகத் தள்ளுனாங்கன்னு உத்தரவுல எழுதியிருக்கும். அப்பீல் போறதா இருந்தாலும் அது வேணும்." உத்தரவு வந்தது. அவர் உதடுகள் அசையப் படித்தார். நடுவில் நின்றார். முதலிலிருந்து மறுபடியும் படித்தார்.

"அக்கா," என்றார். குரல் மாறியிருந்தது. "கேளுங்க. 'இதே தண்டனையாளரை விழிக்கச் செய்யக் கோரிய மனு எண் முந்நூற்று எண்பத்தெட்டு இன்று முழுமையாக ஏற்கப்பட்டுவிட்டபடியால், அதே கோரிக்கையுடைய இம்மனுவுக்கு இனித் தேவையில்லை. எனவே தள்ளுபடி செய்யப்படுகிறது.' புரியுதுங்களா?"

"இல்லீங்க."

"உங்களுக்கு நாலு நாள் முன்னால வேற யாரோ இதே மனுவைப் போட்டிருக்காங்க. அதை ஏத்துக்கிட்டாங்க. ஆவணி அஞ்சாந்தேதி அவரை எழுப்பறாங்க! கேட்டது கெடைச்சுப் போச்சு, அப்புறம் உங்க மனு எதுக்குன்னுதான் தள்ளிட்டாங்க."

மிருதுளா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்ததில் மூக்கு ஒழுகியது. தூணருகே நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பரணிதரன் தன் கைக்குட்டையைக் கொடுத்துவிட்டு, பெட்டியைத் தானே பிரித்து, ஒரு பர்பியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அந்தக் கேள்வி எழுந்தது.

"யாருங்க போட்டது? என்ற மாமியாருகூட இப்ப உசுரோட இல்லீங்களே."

"உத்தரவு வர்றவரைக்கும் எனக்கே காட்டாதுங்க. இப்பப் பாக்கலாம்." அவர் பார்த்தார். மெல்லும் வாய் நின்றது. "வினோதினி. காலஞ்சென்ற லோகேஸ்வரனின் மனைவி."

வினோதினியை மிருதுளா கடைசியாக நேருக்கு நேர் பார்த்தது தீர்ப்பு நாளில். ஒரே நகரத்தில்தான் இருவரும் இருந்தார்கள். ஒன்பது வருடமாக எதிரே வந்தால் மிருதுளா சாலையைக் கடந்துவிடுவாள். ஒருமுறை கடைக்குள் அவள் வருவதைப் பார்த்துவிட்டு, கிடங்குக்குள் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். என்னவென்று முகத்தைக் காட்டுவது? மன்னிப்புக் கேட்க வேண்டியவன் தூங்கிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பதிலாகக் கேட்கத் தனக்கு உரிமை இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அந்தம்மா எதுக்குங்க எழுப்பச் சொல்லோணும்?"

"அந்தக் கடிதம் அவங்க ஊட்டுக்கும் போயிருக்குமுங்க. அந்த ஒரு வருசம் அழிஞ்சு போனா, அவரு செஞ்சதும் அவருக்கு மறந்து போயிருமுங்களே," என்றார் பரணிதரன் மெதுவாக. "மறக்கக் கூடாதுன்னு நெனைச்சிருக்கலாம். இன்னொண்ணும் சொல்லிர்றேன். எழுப்பறப்பப் பக்கத்துல மொதல்ல உக்கார்ற உரிமை, மனு செயிச்சவங்களுக்குத்தான். பத்து நிமிசம். அப்புறந்தான் நீங்க."

சஞ்சித் கண் திறந்ததும் முதலில் பார்க்கப் போவது வினோதினியின் முகத்தை. முதலில் கேட்கப் போவது சாபத்தை. மிருதுளா ஒரு வாரம் இதையே நினைத்துப் புரண்டாள். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். திட்டட்டும். காறி உமிழட்டும். அதை வாங்கிக்கொள்ள ஒருவன் விழித்திருக்கப் போகிறான், தன் பெண்ணை ஞாபகம் வைத்துக்கொண்டு விழித்திருக்கப் போகிறான். எந்தக் காரணத்துக்காகக் கேட்டிருந்தாலும் அவள் கேட்டாளே! நம் மனு என்ன ஆகியிருக்குமோ யார் கண்டது? உயிருள்ளவரை அந்தப் பெண்ணுக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்று மிருதுளா நினைத்தாள். நினைத்தபோது பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பயமும் நன்றியும் ஒரே நெஞ்சில் அக்கம்பக்கமாகக் குடியிருந்தன.

ஆவணி ஐந்தாம் தேதி காலை வெயில் சுள்ளென்று அடித்தது. உறக்கச் சிறை பார்ப்பதற்குப் பால் குளிரூட்டும் நிலையம் மாதிரித்தான் இருக்கும், வெள்ளையாக, சன்னலில்லாமல். இனியாழ் வழி முழுக்கக் கேள்வியாகக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

"அம்மா, அப்பா உன்னையவிடச் சின்னவரா இருப்பாராமா? அப்ப நீ அவரைப் பேரு சொல்லிக் கூப்புடலாமா?"

"வாயை மூடிட்டு வா சாமி."

"தலைக்கு மை அடிச்சிருக்கலாம்லம்மா நீ."

அதை மிருதுளாவும் நினைக்காமல் இல்லை. முந்தின நாள் மைப்புட்டியைக் கையில் எடுத்துவிட்டு வைத்துவிட்டாள். ஒன்பது வருடம் போயிருக்கிறது என்பதை அவனுக்கு யாராவது ஒருவர் காட்ட வேண்டும் அல்லவா?

காத்திருக்கும் கூடத்தில் வினோதினி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். வெளிர்நீலச் சேலை, கையில் ஒரு துணிப்பை. மிருதுளா கடந்து போகவில்லை. இனியாழை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, நேராகப் போய் அவள் முன்னால் நின்றாள்.

"நீங்கதான் எழுப்ப வெச்சீங்க," என்றாள். யோசித்து வைத்திருந்த பேச்செல்லாம் எங்கேயோ போய்விட்டது. "ரொம்ப நன்றிங்க."

வினோதினி நிமிர்ந்து பார்த்தாள். "உனக்காகப் போடலை," என்றாள்.

"தெரியுமுங்க. இருந்தாலும்..."

"எனக்கு அந்தாளுகிட்ட ஒண்ணு கேக்கோணும். ஒண்ணே ஒண்ணு. அதுக்குத்தான்."

உள்ளே இருந்து பெயரைக் கூப்பிட்டார்கள். வினோதினி எழுந்து போனாள். கதவு மூடியது.

பத்து நிமிடம் என்பது எவ்வளவு நேரம் என்று மிருதுளாவுக்கு அன்றுதான் தெரிந்தது. சத்தம் ஏதாவது வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். ஒரு சத்தமும் இல்லை. இனியாழ் சுவரில் ஒட்டியிருந்த விதிமுறைகளை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. வினோதினி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். முகம் முழுக்க ஈரம். மிருதுளா ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டாள். தள்ளிவிடுவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் தள்ளிவிடவில்லை. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து, மிருதுளாவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்குக் காத்தால எனக்கும் என்ற ஊட்டுக்காரருக்கும் சண்டை," என்றாள். "ஒண்ணுமில்லாத சண்டை. என்னன்னுகூட இப்ப ஞாபகமில்லை. சோத்துத் தூக்குப்போசியை எடுக்காமக் கோவிச்சுட்டுப் போயிட்டாரு. போகட்டும், பசிச்சாத் தெரியும்னு நானும் உட்டுட்டேன். அப்புறம் பொணமாத்தான் வந்தாரு."

மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒம்பது வருசமாச் சோத்துல கை வெக்கறப்பெல்லாம் அதேதான். பசியோட செத்தாரோ, பசியோட செத்தாரோன்னு. அன்னைக்கு அவருகூட இருந்தது உன்ற ஊட்டுக்காரரு ஒருத்தருதான். அவருக்கும் மறந்து போச்சுன்னா நான் யாருகிட்டப் போயிக் கேக்கறது?"

"சொன்னாருங்களா?" என்றாள் மிருதுளா.

"அந்தாளுக்கு அது போன மாசம் நடந்தாப்புல இருக்குது. என்னையப் பாத்ததும் என்ற ஊட்டுக்காரரு பேரைச் சொல்லி அழுதாரு. நான் கேட்டேன். சாப்புட்டாருன்னு சொன்னாரு." அவள் இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்புட்டாங்களாமா. அரிசிம்பருப்புச் சோறு. நெய் ஊத்தி, பூண்டு நெறையாப் போட்டு. பாதிக்கு மேல என்ற ஊட்டுக்காரருதானாமா. இன்னும் இருக்குதான்னு கேட்டு வாங்கிச் சாப்புட்டாராமா. நீ ஆக்கிக் குடுத்துட்ட சோறு."

மிருதுளா நினைவைத் துழாவினாள். அந்தக் காலையில் தான் என்ன சமைத்தோம் என்று அவளுக்குச் சுத்தமாக ஞாபகமில்லை. எத்தனையோ நாள் அரிசிம்பருப்பு ஆக்கியிருக்கிறாள், எத்தனையோ நாள் பூண்டு உரித்திருக்கிறாள். விழித்திருந்த ஒன்பது வருடத்தில் அந்த ஒரு நாள் அவளுக்குள் கரைந்து போயிருந்தது. தூங்கியவனுக்குள் அது நெய் வாசனையோடு அப்படியே இருந்திருக்கிறது.

"வயிறு நெறஞ்சுதான் போனாரு," என்றாள் வினோதினி. "நீ நல்லா இருக்கோணும்." சொல்லிவிட்டுப் பெரிதாக மூச்சு விட்டாள். "அந்தாளு மேல இருக்கற கோவம் போயிருச்சுன்னு நெனைச்சுக்காதே. அது வேற. அதை மூணு வருசமும் முழிச்சிருந்து அனுபவிக்கட்டும். இது உனக்கு."

மிருதுளா குனிந்து, தன்னைப் பிடித்திருந்த அந்தக் கைகளின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். எத்தனை வருடச் சுமை அது என்று அவளுக்கே தெரியவில்லை. இறங்கிக்கொண்டிருந்தது.

"எந்திரி," என்றாள் வினோதினி. "உன்னோட பத்து நிமிசம் ஓடுது. அந்தாளு உள்ள ஒரே கேள்வியாக் கேட்டுட்டுக் கெடக்கறாரு, போயிச் சொல்லு."

"என்ன கேக்கறாருங்க?"

வினோதினி, சுவர் ஓரம் நின்ற ஒன்பதரை வயதுப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தாள்.

"பாப்பாவுக்குப் பல்லு மொளைச்சுருச்சான்னு."

இனியாழ் அதைக் கேட்டுக் களுக்கென்று சிரித்துவிட்டாள். விழுந்து முளைத்த பற்கள் எல்லாம் தெரிந்தன. மிருதுளா அவளைப் பிடித்துக்கொண்டு கதவைத் தள்ளித் திறந்தாள்.